ஜூடா பெஞ்சமின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படித்தவர்களுக்கு 'பெஞ்சமின்' என்றால் ஒரு தடித்த புத்தகம். சரக்கு விற்பனைச் சட்டத்தில் சிக்கலான கேள்வி வந்தால் சீனியர் அலமாரியைக் காட்டி "பெஞ்சமினைப் பார்" என்பார். ஜூனியராக இருந்த நாளில் நானும் அந்தப் புத்தகத்தைப் பலமுறை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறேன். பெஞ்சமின் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அமெரிக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர், செனட்டர், போரில் தோற்று ஓடிவந்த அமைச்சர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்களும் ஜூனியர்களும் கேட்கும் கேள்விகளைக் கீழே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் யார் இவர்?

ஜூடா பிலிப் பெஞ்சமின், 1811 – 1884. நியூ ஆர்லியன்ஸில் வக்கீல், லூசியானாவில் கரும்புத் தோட்டத்துரை, அமெரிக்க செனட்டர். 1861-ல் தென்மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்தபோது அதில் அடுத்தடுத்து மூன்று துறைகளுக்கு அமைச்சர். தோற்றபின் இங்கிலாந்துக்குத் தப்பி, 54 வயதில் மறுபடி பாரில் (வக்கீல்கள் பதிவில்) சேர்ந்து, அங்கும் முன்னணி வக்கீல் ஆனார்.

பிறந்தது அமெரிக்காவிலா?

இல்லை. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிராய் தீவில், 1811 ஆகஸ்ட் 6-ம் தேதி பிறந்தார். அது டென்மார்க்கின் தீவு. அவர் பிறந்த சமயத்தில் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது. பெற்றோர் லண்டனிலிருந்து வந்த செபார்டிக் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த) யூதர்கள், சின்னதாக வியாபாரம் பார்த்தவர்கள். குடும்பம் முதலில் வட கரோலினாவுக்குப் போனது, பிறகு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் தங்கியது. பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை என்ற அந்த ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது வருடம் கழித்து அவருக்கு அது கைகொடுக்கும்.

யேலில் படித்தார் என்கிறார்களே?

அந்த அமெரிக்கக் கல்லூரியில் 14 வயதில் சேர்ந்தார், 1827-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். ஏன் என்பதில் சண்டை இன்றும் ஓயவில்லை. திருடினார் என்று பழி சொன்னவர்களும் உண்டு, ஆனால் அந்தக் கதை அச்சேறியது 1861-ல், அவர் எதிரி அரசாங்கத்தின் அமைச்சர் ஆன பிறகு. நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

வக்கீல் தொழிலுக்கு எப்படி வந்தார்?

1828-ல் ஏறக்குறைய வெறுங்கையோடு நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அது பிரெஞ்சும் ஆங்கிலமும் சரிக்குச் சரி பேசிய துறைமுக நகரம். பருத்தியும் சர்க்கரையும் மிசிசிப்பி ஆற்றில் இறங்கிக் கப்பலேறும் ஊர், வழக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு நோட்டரியிடம் குமாஸ்தாவாக இருந்துகொண்டே சட்டம் படித்தார். அங்கே பிரெஞ்சு தெரியாமல் வக்கீல் தொழில் செய்ய முடியாது என்பதால், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குப் பிரெஞ்சு கற்றார். 1832 டிசம்பரில் வக்கீலாகப் பதிவானார்.

மற்ற அமெரிக்க மாநிலங்களில் ஆங்கிலேயர் வழிவந்த, பழைய தீர்ப்புகளை அடிப்படையாகக் கொண்ட காமன் லா. லூசியானாவில் மட்டும் பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்த சிவில் சட்டம். இரண்டும் கலந்து குழம்பிக் கிடந்த தீர்ப்புகளை யாராவது தொகுத்துத் தரமாட்டார்களா என்று ஊரே காத்திருந்தது. பெஞ்சமின் தாமஸ் ஸ்லைடல் என்ற நண்பரோடு சேர்ந்து 1834-ல் லூசியானா உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் சுருக்கத் தொகுப்பை வெளியிட்டார். தங்களுக்காக எழுதிவைத்த குறிப்புகள்தான் அப்படிப் புத்தகமாயின. புத்தகம் போட்டுத் தொழிலைப் பிடிப்பது என்ற வித்தையை 23 வயதுக்குள்ளேயே கற்றுக்கொண்டார்.

கல்யாணம்?

அந்தப் பாடம் சொல்லிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் நாட்டலி என்ற பெண். பிரெஞ்சு வழிக் கத்தோலிக்கக் குடும்பம், வயது 16. 1833 பிப்ரவரியில் கல்யாணம். சீதனமாக 3,000 டாலரும் இரண்டு அடிமைப் பெண்களும் வந்தார்கள். 'வந்தார்கள்' என்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் அந்த ஊர்ப் பத்திரங்களில் அது ரொக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு உருப்படி, அவ்வளவுதான்.

பத்து வருடம் குழந்தையில்லை. பிறகு நினெட் என்று ஒரு மகள். 1840-களின் நடுவில் நாட்டலி குழந்தையை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போய்விட்டார். விவாகரத்து நடக்கவில்லை. பெஞ்சமின் கோடை தோறும் கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார், கடைசிவரை பணம் அனுப்பினார். நடுவில் ஒருமுறை வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரிலேயே பெரிய வீடெடுத்து மனைவியை அழைத்து வந்தார். ஊர் வம்பு தாங்காமல் அவர் சீக்கிரமே திரும்பிப் போக, வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன.

'கிரியோல்' வழக்கு என்ன?

இவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

1841 இலையுதிர் காலத்தில் 'கிரியோல்' என்ற பாய்மரக் கப்பல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கிளம்பியது. உள்ளே 135 அடிமைகள். நவம்பர் 7-ம் தேதி இரவு, மேடிசன் வாஷிங்டன் என்பவர் தலைமையில் 19 பேர் கிளர்ந்தெழுந்து கப்பலைப் பிடித்தார்கள். வியாபாரிகளின் ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். கப்பலை பஹாமாஸின் நாசோ துறைமுகத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். அது பிரிட்டிஷ் மண், அங்கே அடிமை முறை ஏற்கெனவே ஒழிந்திருந்தது. ஏறக்குறைய எல்லோரும் விடுதலை ஆனார்கள்.

சரக்கை இழந்த வியாபாரிகள் நியூ ஆர்லியன்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்மீது வழக்குப் போட்டார்கள். கம்பெனிகளுக்காக ஆஜரானது பெஞ்சமின் இருந்த வக்கீல் நிறுவனம். பாலிசிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதாட வேண்டும். அதற்கு அவர் பிடித்த வழி, தென்மாநில வக்கீல் ஒருவர் வாயில் வரக்கூடாத வழி. அடிமை மனிதன், மனிதனை அடைத்து வைத்தால் அவன் எதிர்ப்பான், அது சரக்கின் இயல்பிலேயே உள்ள அபாயம், அதற்குக் கப்பலில் ஏற்றியவரே பொறுப்பு. எழுத்துவாதத்தில் வரும் வரிகளைத் தமிழில் தருகிறேன்:

"அடிமை என்பவன் யார்? அவன் மனிதன். உணர்ச்சியும் ஆசையும் அறிவும் உள்ளவன். வெள்ளையனின் நெஞ்சைப் போலவே அவன் நெஞ்சும் அன்பில் பூரிக்கும், பொறாமையில் எரியும், துக்கத்தில் வலிக்கும், கட்டிப்போட்டால் நொந்து நோகும், பழிவாங்கக் கொதிக்கும், விடுதலை ஆசையை எந்நேரமும் பொத்தி வைத்திருக்கும்."

அதோடு நிறுத்தவில்லை. அடிமை முறை இயற்கை நீதிக்கு விரோதமானது, ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்திலிருந்து நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கின்றன, உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கிற எல்லைக்குள்தான் அது செல்லும், எனவே நாசோ மண்ணைத் தொட்டதும் அந்த உரிமை செத்துவிட்டது என்றும் வாதம். போதாததற்கு, கப்பலில் ஆட்களை நெருக்கி அடைத்திருந்தார்கள், காவலும் போதவில்லை என்று வியாபாரிகள் மேலேயே திருப்பினார். 1845-ல் லூசியானா உச்ச நீதிமன்றத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஜெயித்தன.

அப்படியென்றால் அவர் அடிமை முறைக்கு எதிரானவரா?

தன்னை அமர்த்திய கட்சிக்காரருக்கு எதிரானவர் கிடையாது என்று மட்டும் சொல்லலாம். இந்த வாதம் தீர்ப்பாவதற்குள்ளாகவே, 1844-ல், அவர் ஒரு கரும்புத் தோட்டத்தில் பங்கு வாங்கிவிட்டார். அங்கே வேலை செய்ய சுமார் 140 அடிமைகள்.

1858 மார்ச் 11 அன்று இதே மனிதர் செனட்டில் எழுந்து, புதிய உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டமே அடிமை உடைமையைப் பாதுகாக்கிறது, அது வெறும் உள்ளூர்ச் சட்டத்தில் நிற்கிற விஷயமில்லை என்று நீளமாகப் பேசினார். 1840-களில் எழுதியதை வரிக்கு வரி கவிழ்த்துப் போட்ட பேச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். வாதத்திறமையில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. வக்கீலாக இருப்பவனுக்கு அந்த லாவகத்தைப் பார்த்து முதலில் வருவது வியப்பு. கொஞ்சம் கழித்துத்தான் வயிற்றைப் பிசைகிறது. சொல்லத் தெரியாதவர் என்றால் அறியாமை என்று விட்டுவிடலாம். 'கட்டிப்போட்டால் நொந்து நோகும்' என்று எழுதிய கை அது.

'பிளாண்டர்' என்றால் வெறும் விவசாயியா?

அமெரிக்கத் தெற்கில் பொதுவாக 20 அடிமைகளோ அதற்கு மேலோ வைத்திருந்த பண்ணைக்காரரைத்தான் வரலாற்றாசிரியர்கள் பிளாண்டர் என்பார்கள். அது தொழிலை விட அந்தஸ்து. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நமக்கு வந்த 'துரை' என்ற சொல் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். பணம் சேர்த்த வக்கீல்கள் அடுத்த படியாக ஒரு தோட்டம் வாங்குவது அங்கே வழக்கம். தேர்தலில் நிற்கவும் அது உதவியது.

அவருடைய தோட்டம் எங்கே இருந்தது, எப்படி நடந்தது?

நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழே, மிசிசிப்பிக் கரையில், பிளாக்கமின்ஸ் வட்டாரத்தில். பெயர் பெல்ஷாஸ். தியோடர் பாக்வுட் என்பவர் பங்காளி, அவருக்கு மண் தெரியும். பெஞ்சமினுக்குக் காகிதம் தெரியும்.

லூசியானாவில் கரும்பு போடுவது சூதாட்டம் மாதிரி. கரும்பு வெப்ப நாட்டுப் பயிர், அங்கேயோ குளிர்காலத்தில் உறைபனி விழும். பனி விழுவதற்குள் வெட்டி, ஆட்டி, காய்ச்சி முடிக்க வேண்டும். எனவே அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர்வரை ஆலை இரவு பகலாக ஓடும், ஆட்கள் ஷிப்டு ஷிப்டாகத் தூக்கம் கெட்டு நிற்பார்கள். பழைய முறையில் வரிசையாகத் திறந்த கொப்பரைகள், அடியில் விறகு. பெரிய கொப்பரையில் கொதித்த சாற்றை நீண்ட அகப்பையால் மொண்டு அடுத்ததற்கு, அதிலிருந்து அதைவிடச் சின்னதற்கு, கடைசிக் கொப்பரையில் பாகு பதம் வரும்வரை. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்த அனல் தெரியும். தெறிக்கிற பாகு தோலில் ஒட்டினால் எடுக்க முடியாது. அங்கே நின்றவர்களுக்கு வீட்டுக்குப் போகவும் உரிமை கிடையாது.

இதை மாற்றிய கருவியை பெஞ்சமினும் பாக்வுட்டும் முன்னதாகவே ஏற்றுக்கொண்டார்கள். மூடிய வெற்றிடக் கலங்களை வரிசையாக வைத்து, முதல் கலத்திலிருந்து வரும் ஆவியையே அடுத்த கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்துவது. அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்குவதால், ஒரே நெருப்பு பல கலங்களுக்கு வேலை செய்யும். விறகு மிச்சம், சாறு கருகாது, சர்க்கரை வெளுப்பாக வரும், கொதிக்கும் சாற்றைக் கையால் மொள்ள வேண்டாம். இன்றைக்கு உலகத்தில் எந்தச் சர்க்கரை ஆலைக்குப் போனாலும், நம்மூர் ஆலையானாலும், சாறு வற்றவைக்கும் இடத்தில் நடப்பது இதே தத்துவம்தான்.

கண்டுபிடித்தவர் நார்பெர்ட் ரில்லியூ. நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், அப்பா வெள்ளையர், அம்மா அடிமையல்லாத கறுப்பினக் கலப்புப் பெண். பாரிஸில் படித்த இன்ஜினியர். 1843-லும் 1846-லும் காப்புரிமை வாங்கினார். பெஞ்சமின் அவருடைய கருவியைப் பாராட்டிப் பத்திரிகையில் விரிவாக எழுதினார், பெல்ஷாஸ் சர்க்கரை பெயர் வாங்கியது. தோட்டத்தில் இருந்த 140 பேரின் நிறத்தைச் சேர்ந்த ஒருவரின் மூளைதான் அந்த ஆலையை ஓட்டியது. தோட்டத்துரைக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. ரில்லியூ கடைசியில் நகரத்தின் நிறச் சட்டங்கள் இறுக இறுக பிரான்ஸுக்கே திரும்பிவிட்டார்.

பெஞ்சமினின் தோட்ட வாழ்க்கை நீளவில்லை. வெள்ளமும் கடனும் சேர்ந்து நெருக்க, 1850-களின் தொடக்கத்தில் தன் பங்கை விற்றார். தோட்டத்தோடு ஆட்களும் கைமாறினார்கள்.

"நல்ல எஜமான்" என்று படித்தேனே?

நானும் படித்தேன். அவரைப் பற்றி எழுதியவர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். 'நல்ல' என்ற அடைமொழிக்கு அங்கே என்ன வேலை என்பது எனக்கு விளங்கவில்லை.

அரசியலில் எப்படி நுழைந்தார்?

1842-ல் விக் கட்சி சார்பில் லூசியானா சட்டமன்றம். 1853 மார்ச்சில் அமெரிக்க செனட். யூதப் பிறப்பில் செனட்டர் ஆனவர்களில் புளோரிடாவின் டேவிட் யூலீ இவருக்கு முந்தியவர். விக் கட்சி சிதறியபின் 1856-ல் ஜனநாயகக் கட்சிக்குப் போனார்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. செனட்டில் உட்காரும் முன்பே அதிபர் ஃபில்மோர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு இவர் பெயரை எண்ணினார். வேண்டாம் என்றுவிட்டார் பெஞ்சமின். ஏற்றிருந்தால் அந்த நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி ஆகியிருப்பார். அந்த இடம் நிரம்ப 1916 ஆனது, லூயி பிராண்டைஸ் வரும்வரை.

யூதர் என்பதால் சிக்கல் இருந்ததா?

சாகும்வரை. மதம் கடைப்பிடித்தவரல்ல, மணந்தது கத்தோலிக்கப் பெண்ணை, ஆனாலும் எதிரிக்கு வசை வேண்டியபோதெல்லாம் முதலில் கிடைத்தது அதுதான். வடக்கிலும் திட்டினார்கள், தெற்கிலும் திட்டினார்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அடிமை எதிர்ப்பாளரான ஓஹையோ செனட்டர் பெஞ்சமின் வேட், இவரை "எகிப்தியக் கொள்கை உடைய இஸ்ரவேலர்" என்றார் என்பார்கள். பார்வோனிடம் அடிமைகளாக இருந்து தப்பிய கூட்டத்தில் பிறந்தவன் பார்வோன் பக்கம் நிற்கிறானே என்று அர்த்தம். அதில் பிறப்பைக் குத்துவதும் உண்டு, நியாயமும் உண்டு.

ஜெபர்சன் டேவிஸோடு துப்பாக்கிச் சண்டை வரை போனாராமே?

1858 ஜூனில் செனட்டில் டேவிஸ் கிண்டலாக ஏதோ சொல்ல, பெஞ்சமின் அன்றே சவால் சீட்டு அனுப்பினார். டேவிஸ் தப்பு தன் பக்கம் என்று உணர்ந்து சபையிலேயே மன்னிப்புக் கேட்டார். மூன்று வருடம் கழித்து அந்த டேவிஸ்தான் தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபர். அவருக்கு வலதுகை இவர்.

போரில் இவர் செய்தது என்ன?

1861 பிப்ரவரியில் செனட்டை விட்டார். அதே மாதம் புதிய கூட்டமைப்பின் அட்டர்னி ஜெனரல். முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே, அரசாங்கமே ஒரு லட்சம் பேல் (பொதி) பருத்தியாவது வாங்கி உடனே இங்கிலாந்துக்கு அனுப்பி, அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கட்டும் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். போர் நீளாது, பருத்தியை நிறுத்திவைத்தால் இங்கிலாந்து தானே காலில் விழும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்து விழவில்லை, இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் பருத்தி வாங்கியது. பம்பாய் வியாபாரிகள் கொழித்த கதை நமக்குத் தெரியும்.

பிறகு போர் அமைச்சர். பட்டாளத்தில் ஒருநாள் நின்றவரல்ல. ஜெனரல்களுக்குச் சட்டப் பிரிவு காட்டிக் கடிதம் எழுதியதில் அவர்களுடைய வெறுப்பைச் சம்பாதித்ததுதான் மிச்சம். 1862 பிப்ரவரியில் வட கரோலினாவின் ரோனோக் தீவு விழுந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் பிடிபட்டபோது, கேட்ட ஆயுதத்தை அமைச்சர் அனுப்பவில்லை என்று பழி வந்தது. அனுப்ப ஆயுதமே இருக்கவில்லை. அதை வெளியே சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும். பெஞ்சமின் வாயைத் திறக்காமல் கண்டனத்தை வாங்கிக்கொண்டார். இந்த ஒரு இடத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். மார்ச்சில் டேவிஸ் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார், கடைசிவரை அந்தப் பதவியில் இருந்தார். குள்ளமான, பருத்த உருவம், கையில் சுருட்டு. எத்தனை கெட்ட செய்தி வந்தாலும் உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பே பலருக்கு எரிச்சல் மூட்டியது. கூட்டமைப்பின் 2 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கும்.

அடிமைகளை விடுதலை செய்யச் சொன்னதும் இவர்தானா?

ஆம், தோல்வி வாசலுக்கு வந்த பிறகு. 1865 பிப்ரவரி 9-ம் தேதி கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டில், கறுப்பினத்தவர் தேவாலயத்தில் கூடிய பெருங்கூட்டத்தில், படையில் சேர முன்வரும் ஒவ்வொரு நீக்ரோவிடமும் 'போய்ச் சண்டை போடு, நீ சுதந்திரமானவன்' என்று சொல்லிவிடுவோம் என்றார். தோட்டத்துரைகள் கொதித்துப் போனார்கள். அதே குளிர்காலத்தில் லூசியானாத் தோட்டக்காரர் டங்கன் கென்னரை ரகசியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கீகாரம் தந்தால் அடிமை முறையைக் கைவிடுகிறோம் என்று பேரம் பேசவும் செய்தார்கள். காலம் கடந்துவிட்டது.

இதைக் காட்டி அவரை முற்போக்குவாதி ஆக்க முயல்பவர்கள் உண்டு. எனக்கு அது 'கிரியோல்' எழுத்துவாதத்தின் மறுபதிப்பாகவே படுகிறது. கட்சிக்காரருக்குப் பயன்படும்போது அடிமை மனிதனாகிவிடுகிறான்.

லிங்கன் கொலையில் பங்கு உண்டா?

அதற்கான ஆதாரம் யாரிடமும் இல்லை. சந்தேகம் விழக் காரணம் உண்டு: கொலைச் சதிகாரர்களோடு பழகிய ஜான் சுராட், பெஞ்சமினின் தபால்களைக் கனடாவுக்குக் கொண்டுபோனவர். பிடிபட்டால் நியாயமான விசாரணை கிடைக்காது என்று பெஞ்சமின் கணக்குப் போட்டதற்கு இது போதும்.

எப்படித் தப்பினார்?

1865 ஏப்ரல் 2 இரவு அரசாங்கம் ரிச்மண்டை விட்டு ரயிலில் கிளம்பியது. மே தொடக்கத்தில் ஜார்ஜியாவில் டேவிஸிடம் விடைபெற்றார். டேவிஸ் சில நாளில் பிடிபட்டார். பெஞ்சமின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் பிரெஞ்சுக்கார 'மொன்சியே போன்ஃபால்' ஆனார், பிறகு நிலம் தேடி வந்த விவசாயியானார். குதிரைச் சவாரி பழக்கமில்லாத, 53 வயது, பருத்த மனிதர்.

புளோரிடாவின் மேனட்டி ஆற்றங்கரையில் கேம்பிள் மாளிகை என்ற பழைய சர்க்கரைத் தோட்ட வீட்டில் ஒளிந்திருந்தார். ஒருநாள் படையினர் வந்துவிட, பின்பக்கப் புதருக்குள் ஓடிப் பதுங்கினார். ஜூன் கடைசியில் திறந்த படகில் தெற்கே கிளம்பினார்கள். வழியில் ரோந்துப் படகு மறித்தபோது முகத்தில் கரி பூசி, ஏப்ரன் கட்டி, சமையல்காரராக அடுப்படியில் உட்கார்ந்தார் என்றும், யூதன் கைவேலை செய்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிப்பாய் ஒருவன் சொல்லிப் போனான் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை அழகாக இருப்பதே எனக்குச் சந்தேகம்.

ஜூலையில் பஹாமாஸின் பிமினி தீவு. அங்கிருந்து நாசோவுக்கு ஏறியது கடற்பஞ்சு ஏற்றிய படகு. அது மூழ்கியது. கூட இழுத்துவந்த சின்னத் தோணியில் தாவி, பிரிட்டிஷ் கலங்கரை விளக்கக் கப்பல் கண்ணில் பட்டுப் பிழைத்தார். இருபத்து நான்கு வருடம் முன்பு 'கிரியோல்' கப்பல் போன அதே நாசோவுக்குத்தான் அவரும் போய்ச் சேர்ந்தார். தப்பியோடி வந்தவருக்கு அந்தத் துறைமுகம் இந்த முறையும் அடைக்கலம் தந்தது. பிறகு ஹவானா, செயின்ட் தாமஸ். அங்கிருந்து ஏறிய கப்பலில் தீப்பிடித்துத் திரும்பி வந்து மறுபடி கிளம்பி, ஆகஸ்ட் 30-ம் தேதி சவுத்தாம்ப்டனில் இறங்கினார்.

54 வயதில் மறுபடி ஜூனியரா?

ஆமாம். 1866 ஜனவரியில் லண்டன் வக்கீல் சங்கங்களில் ஒன்றான லிங்கன்ஸ் இன்னில் மாணவராகப் பதிந்தார். (அந்தப் பெயருக்கும் ஆபிரகாம் லிங்கனுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது.) பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை என்பது இங்கேதான் உதவியது. வழக்கமான மூன்று வருடக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்து, ஜூன் 6 அன்றே பாரில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஓவரண்ட் கர்னி வங்கி திவாலாகி, கையிலிருந்த சேமிப்பும் போயிருந்தது. ஆரம்பத்தில் வழக்கு வரவில்லை. டெய்லி டெலிகிராஃபுக்குத் தலையங்கம் எழுதி வயிற்றைக் கழுவினார். பருத்தி வியாபாரிகள் நிறைந்த லிவர்பூல் பக்கம் ஆஜராகத் தொடங்கினார், நியூ ஆர்லியன்ஸ் அனுபவம் அங்கே செல்லுபடியானது.

1868-ல் விற்பனைச் சட்டம் பற்றிய புத்தகம் வந்தது. ஆங்கிலத் தீர்ப்பு, அமெரிக்கத் தீர்ப்பு, பிரெஞ்சு சிவில் சட்டம், ரோமச் சட்டம் நான்கையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச அன்று லண்டனில் ஆளில்லை. லூசியானா கற்றுத் தந்த இரட்டை வித்தை அது. 1872-ல் மூத்த வக்கீல்களுக்குத் தரும் குயின்ஸ் கவுன்சில் அந்தஸ்து. அடுத்த பத்து வருடத்தில் பிரபுக்கள் சபையிலும் பிரிவி கவுன்சிலிலும் மட்டும் 136 வழக்குகளில் ஆஜரானார்.

நம்மூர் வக்கீல்களுக்கு இவர் எப்படி வந்தார்?

பிரிவி கவுன்சில்தான் அன்று மதராஸ் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான கடைசி அப்பீல் இடம். தவிர, 1893-ம் ஆண்டு பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பின்பற்றியது நம் 1930-ம் ஆண்டுச் சட்டம். பிரிட்டிஷ் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு வியாக்கியானம் தேடினால் பெஞ்சமினில் இருக்கும். அதனால்தான் சீனியர் அலமாரியைக் காட்டினார். இன்றைய பதிப்பு வேறு பல அறிஞர்கள் எழுதுவது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுயசரிதை ஏதாவது எழுதினாரா?

ஒரு வரி இல்லை. கடிதங்களைத் தேடித் தேடி அழித்தார். வாழ்க்கை வரலாறு எழுத வந்தவர்களுக்கு உதவவில்லை. போரைப் பற்றி வெளியில் அதிகம் பேசியதும் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது போலத் தன்னுடையதையும் காத்துக்கொண்டார்.

கடைசிக் காலம்?

1880-ல் பாரிஸில் ஓடும் டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்ததிலிருந்து உடல் சரியாகவில்லை. 1883-ல் தொழிலை விட்டார். ஜூன் 30 அன்று லண்டனின் இன்னொரு வக்கீல் சங்கமான இன்னர் டெம்பிள் மண்டபத்தில் நீதிபதிகளும் வக்கீல்களும் 200 பேருக்கு மேல் கூடி விருந்து வைத்தார்கள். 1884 மே 6-ம் தேதி பாரிஸில் மனைவியின் வீட்டில் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறையில், மகளின் புகுந்த வீட்டார் கல்லறைக்குள், 'பிலிப் பெஞ்சமின்' என்ற பெயரில் புதைத்தார்கள். அவர் முழுப் பெயரோடு அங்கே பலகை வந்தது 1938-ல்தான். வட கரோலினாவின் சார்லட் நகரில் 1948-ல் வைத்த நினைவுக்கல்லை 2020-ல் எடுத்துவிட்டார்கள்.

பெல்ஷாஸ் பங்களாவைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது, 1960-ல் இடித்துவிட்டார்கள். ஊருக்கு இன்னும் அந்தப் பெயர்தான். ஆட்களை வயலுக்கு அழைக்க அடித்த தோட்டத்து மணி மட்டும் தப்பியது. நாதம் இனிமையாக வர வேண்டும் என்று பெஞ்சமின் வெள்ளி நாணயங்களை உருக்கி அதில் வார்க்கச் சொன்னார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அரைவெட்டில் பனி விழுமோ என்ற பயத்தோடு, இருட்டில் அந்த மணிக்கு எழுந்தவர்களுக்கு நாதம் எப்படிக் கேட்டது என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.